ரன்டைமை எந்த மொழியில் எழுதுவது? நினைவகம் யார் கையில் என்பதில் இருக்கிறது விடை

2025 மார்ச் 11 அன்று மைக்ரோசாஃப்டிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. டைப்ஸ்கிரிப்ட் மொழியின் கம்பைலரை கோ மொழிக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றார் அதன் தலைமை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். அதுவரை அந்தக் கம்பைலர் டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டிருந்தது. விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் எடிட்டரின் மூல நிரல் சுமார் 15 லட்சம் வரி. அதைப் பழைய கம்பைலர் சரிபார்க்க 77.8 நொடி ஆனது, புதியதற்கு 7.5 நொடி போதும் என்று கணக்கும் கொடுத்தார்.

உடனே கேள்விகள் குவிந்தன. பத்து மடங்கு வேகம் என்றால் நம் இணையதளமும் பத்து மடங்கு வேகமாக ஓடுமா? ரஸ்ட் இருக்கும்போது ஏன் கோ? சி ஷார்ப்பை வடிவமைத்தவரே சி ஷார்ப்பை ஏன் எடுக்கவில்லை? தன்னைத் தானே எழுதிக்கொள்ள முடியாத மொழியை மற்றவர்கள் எப்படி நம்புவது?

இந்தக் கேள்விகளில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கம்பைலரை எந்த மொழியில் எழுதுவது என்பது ஒன்று. ரன்டைமை எந்த மொழியில் எழுதுவது என்பது வேறொன்று. அது இன்னும் கடினமானது. முதலாவதில் தவறினால் காத்திருக்கும் நேரம் கூடும். இரண்டாவதில் தவறினால் அந்த மொழியைப் பயன்படுத்தும் எல்லோரும் அதை இருபது முப்பது வருடங்களுக்குச் சுமக்க வேண்டியிருக்கும். அதனால்தான் ரன்டைமைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது.

முதலில் மூன்று சொற்கள்

1. கம்பைலர்: நாம் எழுதிய நிரலை இன்னொரு வடிவத்துக்கு மாற்றித் தருவது. மாற்றிக் கொடுத்ததோடு அதன் வேலை முடிந்தது. நிரல் ஓடும்போது அது அங்கே இருக்காது.

2. இன்டர்பிரெட்டர்: நிரலைப் படிப்படியாகப் படித்து, படித்ததை அப்போதே செய்துகொண்டு போவது.

3. ரன்டைம்: நிரல் ஓடும் நேரம் முழுக்கக் கூடவே இருப்பது. நினைவகத்தை ஒதுக்குவது, இனி தேவையில்லை என்று தெரிந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வது, த்ரெட்களை, அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளை, ஓட்டுவது, பிழை வந்தால் பிடிப்பது, வெளியே உள்ள லைப்ரரிகளோடு பேசுவது எல்லாம் இதன் பொறுப்பு. இன்டர்பிரெட்டர் இருக்கும் மொழிகளில் அதுவும் ரன்டைமின் ஒரு பகுதிதான்.

ரன்டைமை எழுதப் பயன்படும் மொழியை இந்தக் கட்டுரையில் கட்டுமான மொழி என்று சொல்கிறேன். பைத்தானின் கட்டுமான மொழி சி. குரோமில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சினின் கட்டுமான மொழி சி பிளஸ் பிளஸ்.

இப்போது டைப்ஸ்கிரிப்ட் குழப்பத்தைச் சீக்கிரமே தீர்த்துவிடலாம். டைப்ஸ்கிரிப்டுக்கென்று தனி ரன்டைம் கிடையாது. கம்பைலர் டைப்களை, அதாவது எது எண், எது எழுத்து போன்ற வகைக் குறிப்புகளை, சரிபார்த்து, அவற்றை நீக்கிவிட்டு, வெறும் ஜாவாஸ்கிரிப்டாகத் தருகிறது. அதை ஓட்டுவது வி8 மாதிரியான எஞ்சின்கள். ஆகவே வேகமாவது டெவலப்பரின் எடிட்டரும் பில்டும்தான். இணையதளத்தின் வேகம் மாறாது. கோவை எடுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணமும் தெளிவானது. அவர்கள் புதிதாக ஒன்றை வடிவமைக்கவில்லை, இருப்பதை அப்படியே பெயர்த்தார்கள். பழைய நிரல் முழுக்க ஒன்றையொன்று சுட்டும் தரவு அமைப்புகளால் ஆனது. இனி தேவையில்லாத நினைவகத்தைத் தானாகத் திரும்ப எடுக்கும் கார்பேஜ் கலெக்டர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. கோவில் கலெக்டர் உண்டு, சிப் நேரடியாகப் புரிந்துகொள்ளும் மெஷின் கோடும் கிடைக்கும், பல கோர்களைப் பயன்படுத்துவதும் எளிது. வேகத்தில் ஏறக்குறைய பாதி மெஷின் கோடால் வந்தது, மீதி பல கோர்களில் இணையாக ஓடுவதால் வந்தது என்று அவர்களே விளக்கினார்கள். ரஸ்டில் அந்தச் சுற்றுச் சுட்டல்களை எல்லாம் வேறு மாதிரி வடிவமைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் அது பெயர்ப்பு ஆகாது, மறு உருவாக்கம்.

சரி, கம்பைலர் கதை அவ்வளவுதான். ரன்டைமுக்கு வருவோம்.

ரன்டைமின் தனிச் சிக்கல்

ரன்டைம் என்பது இன்னொரு நிரலின் நினைவகத்தை ஆளும் நிரல். அதுவும் ஒரு நிரல்தான் என்பதால் அதற்கென்று கொஞ்சம் நினைவகம், ஓடும் ஃபங்ஷன்கள் தங்கள் தற்காலிக மதிப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு ஸ்டாக் வேண்டும். ஆளும் நிரலும் ஆளப்படும் நிரலும் ஒரே ப்ராசஸுக்குள் ஒரே நினைவகத்தில் குடியிருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இது பெரிய விஷயமாகத் தெரியாது. உள்ளே போனால்தான் தெரியும்.

ஒரு உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். பைத்தானின் ரன்டைம் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது: இதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று. எண்ணிக்கை பூஜ்யமானால் பொருள் அழிக்கப்படும். சியில் எழுதும்போது இந்த எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுதுகிறவர் பொறுப்பு. இப்போது ஒரு சிறு சி ஃபங்ஷன். அது செய்வது இவ்வளவுதான்:

1. ஒரு பட்டியலின் முதல் பொருளை எடுக்கிறது. உடனே பயன்படுத்தப் போகிறோம் என்பதால் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. இதைக் கடன் வாங்கிய சுட்டல் என்பார்கள்.

2. அதே பட்டியலின் இரண்டாவது இடத்தில் பூஜ்யம் என்ற எண்ணை வைக்கிறது.

3. முதல் பொருளைத் திரையில் அச்சிடுகிறது.

பார்த்தால் ஒரு தவறும் தெரியாது. ஆனால் இரண்டாவது படியில், அந்த இடத்தில் ஏற்கனவே இருந்த பொருளின் எண்ணிக்கை குறைகிறது. அது பூஜ்யமானால் பொருள் அழிகிறது. அழியும்போது செய்ய வேண்டியது என்று அந்த வகுப்பை எழுதியவர் பைத்தானில் ஏதாவது எழுதி வைத்திருக்கலாம். அது, அந்தப் பட்டியலிலிருந்து முதல் பொருளை நீக்கு என்பதாக இருந்தால்? முதல் பொருளும் அழிந்துவிடும். மூன்றாவது படியில் நம் கையில் இருப்பது செத்துப்போன முகவரி. பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணங்களிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. பழைய பைத்தான் பதிப்பு ஒன்றில் இதே வகைப் பிழை உண்மையாகவே இருந்ததையும், அதைக் கண்டுபிடிக்க ஒருவர் பிழை தேடும் கருவியான டீபக்கரோடு நெடுநேரம் போராடியதையும் அங்கே படிக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பொருள் யாருடையது என்பது சி கம்பைலருக்குத் தெரியாது. சியின் கண்ணில் அது வெறும் முகவரி. ரன்டைம் எழுதுகிறவரின் தலைக்குள் இருக்கும் விதி கட்டுமான மொழிக்குத் தெரியவில்லை. கீழே வரப்போகும் எல்லாத் தேர்வுகளும் இந்த இடைவெளியைச் சமாளிக்க எடுக்கப்பட்டவைதான்.

எண்ணிக்கை வைக்காமல், தேடித் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் என்றாலும் இதே இடைவெளி வரும். எந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது என்று அறிய, கலெக்டர் ஸ்டாக்கைப் படிக்க வேண்டும். ஸ்டாக்கில் இருக்கும் ஓர் எண், ஒரு பொருளின் முகவரியா, இல்லை தற்செயலாக முகவரி போலத் தெரியும் வெறும் எண்ணா? சி ஃபங்ஷனின் ஸ்டாக்கைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ரூபியின் முதன்மை ரன்டைம், எதற்கு வம்பு என்று, முகவரி போலத் தெரிவதையெல்லாம் முகவரியாகவே எடுத்துக்கொள்கிறது. பாதுகாப்பான வழிதான். ஆனால் அப்படிச் சுட்டப்பட்ட பொருளை நகர்த்த முடியாது. அது உண்மையில் வெறும் எண்ணாக இருந்தால் அந்த எண்ணையும் மாற்றிவிடுவோமே.

அப்படியிருந்தும் ஏன் சி?

பைத்தான், ரூபி, லுவா, எர்லாங், ஓகேமல் எல்லாவற்றின் ரன்டைமும் பெரும்பகுதி சி. பழக்கம் மட்டும் இதற்குக் காரணமில்லை. சிக்கென்று ஏறக்குறைய ரன்டைமே கிடையாது. நம் ரன்டைம் ஸ்டாக்கைப் படித்தாலும் பொருள்கள் இருக்கும் நினைவகப் பகுதியான ஹீப்பைத் தன் விருப்பப்படி பிரித்தாலும் சி குறுக்கே வராது. அப்புறம், சி கம்பைலர் இல்லாத கருவி அரிது.

1993இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த லுவா இதற்கு நல்ல உதாரணம். தரப்படுத்தப்பட்ட சிக்கு வெளியே ஒரு அடிகூட வைப்பதில்லை என்ற கட்டுப்பாட்டோடு எழுதப்படுவது. சுமார் 30,000 வரி. எல்லா அடிப்படை லைப்ரரிகளோடும் சேர்த்துக் கட்டினாலும் 300 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். விளையாட்டுகள், ரவுட்டர்கள், ரெடிஸ் தரவுத்தளம் என்று பல இடங்களுக்குள் அது புகுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

லுவாவையும் பைத்தானையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று புரியும், என் கணிப்பில் இதுதான் பலரும் தவறவிடுவது. இரண்டும் சிதான். ஆனால் பைத்தான் தன் உள்ளுறுப்புகளை வெளியே காட்டிவிட்டது. எண் கணக்கீட்டுக்கான நம்பை உட்பட எண்ணற்ற லைப்ரரிகள் பைத்தான் பொருளின் பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, நேரடியாகக் கையில் பிடித்து, எண்ணிக்கையைத் தாங்களே கூட்டிக் குறைக்கின்றன. அதனால் எண்ணிக்கை முறையை விட்டுவிட்டு நவீன கலெக்டருக்கு மாறுவது பைத்தானுக்கு ஏறக்குறைய முடியாத காரியமாகிவிட்டது. லுவா, டேபிள் போன்ற தன் பொருள்களுக்கு வெளியாருக்கு பாயின்டர் தருவதில்லை. ஒரு தனி அடுக்கில் வைத்து, மூன்றாவது இடத்தில் இருப்பதை எடு என்று எண் சொல்லிக் கேட்க வைக்கிறது. அந்த ஒரே முடிவால் அதன் கலெக்டரை 2006இல் 5.1 பதிப்பில் சிறிது சிறிதாகத் துப்புரவு செய்வதாகவும், 2020இல் 5.4 பதிப்பில் பொருள்களைப் புதியது பழையது என்று தலைமுறை பிரித்துத் துப்புரவு செய்வதாகவும் மாற்ற முடிந்தது. வெளியே இருந்த லைப்ரரிகளின் அணுகுமுறை அதற்காக மாற வேண்டியிருக்கவில்லை. கட்டுமான மொழி சி என்பது மட்டும் விதியைத் தீர்மானிக்கவில்லை. சியின் பாயின்டரை எவ்வளவு தூரம் வெளியே விட்டார்கள் என்பது தீர்மானித்தது.

சிக்கும் எல்லை உண்டு. அது ஸ்டாக்கில்தான் வெளிப்படும். ஒரு ஃபங்ஷனுக்குள் நுழையும்போது ஸ்டாக்கில் என்ன வைப்பது, சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களில் எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை சி கம்பைலர்தான் முடிவு செய்யும். ஹாஸ்கெல் மொழிக்கு இது ஒத்துவரவில்லை. அதன் கம்பைலரான ஜிஎச்சி ஒரு காலத்தில் சியாக மாற்றித் தந்து, ஜிசிசி என்ற சி கம்பைலர் மூலம் அசெம்பிளி (மெஷின் கோடின் எழுத்து வடிவம்) ஆக்கி, அப்புறம் அந்த அசெம்பிளியில் ஜிசிசி சேர்த்த ஃபங்ஷன் நுழைவு வெளியேற்ற வரிகளை ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் கொண்டு வெட்டி எறிந்துகொண்டிருந்தது. அந்த ஸ்கிரிப்டுக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் ‘பொல்லாத சிதைப்பான்’. ஜிசிசி ஒவ்வொரு முறை மாறும்போதும் அந்த ஸ்கிரிப்ட் உடையும் அபாயம். கடைசியில் அந்த வழியைக் கைவிட்டார்கள். ஜிஎச்சியின் ரன்டைமில் இன்றும் சியோடு கூட சி மைனஸ் மைனஸ் என்ற மொழியின் ஒரு வடிவமும் இருக்கிறது. சியைவிடக் கீழே, அசெம்பிளியைவிட மேலே நிற்கும் மொழி அது.

பைத்தானிலும் இது சமீபத்தில் நடந்தது. 2025 அக்டோபரில் வந்த 3.14 பதிப்பில் இன்டர்பிரெட்டரைப் புதிய முறையில் கட்டும் வாய்ப்பு வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சிறு சி ஃபங்ஷன். ஒன்று முடிந்ததும் திரும்பி வராமல் நேராக அடுத்ததற்குத் தாவும். இப்படித் தாவுவதற்கு சி மொழியின் தரநிலையில் உத்தரவாதம் இல்லை, அதற்குக் கிளாங் 19 மாதிரியான குறிப்பிட்ட கம்பைலரின் தனி வசதி தேவை. முதலில் அறிவித்த வேக முன்னேற்றம் 10 சதவீதத்தையும் தாண்டியது. பிறகு பார்த்தால், ஒப்பிட்ட பழைய முறை அந்த கிளாங் பதிப்பில் இருந்த ஒரு குறையால் வழக்கத்தைவிட மெதுவாக ஓடியிருக்கிறது. திருத்திய கணக்கு 3 முதல் 5 சதவீதம். யாரும் ஏமாற்றவில்லை, எண்ணை வெளிப்படையாகத் திருத்தினார்கள். ஆனால் சியில் எழுதினால் வேகம் நம் கையில் என்று நினைக்கிறோமே, அது எவ்வளவு தூரம் கம்பைலரின் கையிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டாம்.

ஒரே உறையில் இரண்டு கத்தி

சி வேண்டாம், கலெக்டர் உள்ள வசதியான மொழியில் ரன்டைம் எழுதலாமே என்று தோன்றும். இங்கே இரண்டு வழி பிரிகிறது.

1. கட்டுமான மொழியின் கலெக்டரையே நம் மொழிக்கும் பயன்படுத்திக்கொள்வது. ஜாவாவில் எழுதப்பட்ட ஜேரூபி இப்படித்தான். ரூபி பொருள்கள் எல்லாம் ஜாவா பொருள்கள், அவற்றைத் துப்புரவு செய்வது ஜாவாவின் ரன்டைம். உண்மையான இணை த்ரெட்களும் கூடவே கிடைத்தன. விலை என்னவென்றால், சியில் எழுதிய ரூபி விரிவாக்கங்கள் அங்கே ஓடாது.

2. நம் மொழிக்கு வேறு கலெக்டர் இருக்க, கட்டுமான மொழிக்கும் தனியாக ஒன்று இருப்பது. இதுதான் சிக்கல். ஒன்று தன் பொருளை மற்றதன் பொருள் பிடித்திருக்கிறதா என்று அறியாது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வட்டமாகிவிட்டால் யாரும் விடுவிக்க மாட்டார்கள்.

உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் டெனோ இரண்டாவது வழியின் வாசல் வரை போய்த் திரும்பியது. நோட் ஜேஎஸ்ஸை உருவாக்கிய ரையன் டால் 2018இல் டெனோவின் முதல் மாதிரியை கோவில் எழுதிக் காட்டினார். உள்ளே வி8 இருந்தது. அதற்கு ஒரு கலெக்டர். வெளியே கோ, அதற்கு இன்னொன்று. ஒரே ப்ராசஸில் இரண்டு ரன்டைம்களை வைத்திருப்பது பற்றிய கவலையால் அதே ஆண்டிலேயே ரஸ்டுக்கு மாற்றிவிட்டார்கள். கோ 2018இல் டெனோவுக்கு ஒத்துவரவில்லை, 2025இல் டைப்ஸ்கிரிப்டுக்குச் சரியாகப் பொருந்தியது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்திச் சண்டை போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலருக்குள் இரண்டாவது கலெக்டர் இல்லை.

முதல் வழிக்குத் தமிழிலேயே ஒரு உதாரணம் உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், ‘பதிப்பி’ போன்ற தமிழ்க் கட்டளைகளால் நிரல் எழுதும் மொழி. தமிழ்வழிப் படிக்கும் மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லித் தருவது நோக்கம். அதன் கட்டுமான மொழி பைத்தான். நினைவக மேலாண்மை பைத்தானிலிருந்து வந்துவிட்டது. தமிழ் எழுத்துகளைக் கையாளும் யூனிகோட் வசதியும் கிடைத்தது. பைத்தான் மேல் ஓடுவதால் பைத்தானைவிட மெதுவாகத்தான் ஓடும். கற்றுத்தரும் மொழிக்கு அது குறையே இல்லை. அதை சியில் எழுதப் புறப்பட்டிருந்தால் உழைப்பில் பெரும்பகுதி மாணவர்களுக்குத் தெரியவே தெரியாத இடங்களில் போயிருக்கும்.

தன்னைத் தானே எழுதிக்கொள்வது

மூன்றாவது வழி ஒன்று உண்டு. ரன்டைமை அந்த மொழியிலேயே எழுதுவது. கேட்டால் பெருமைக்காகச் செய்வது போலத் தோன்றும். கோ மொழி அதைச் செய்ததன் காரணம் ஸ்டாக்.

கோவில் கோரூட்டீன் என்ற மெல்லிய த்ரெட்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பெரிய ஸ்டாக் கொடுத்தால் நினைவகம் தாங்காது. அதனால் சிறியதாகத் தொடங்கி, போதாதபோது பெரிய இடத்துக்கு மொத்தமாக நகர்த்துகிறார்கள். நகர்த்தினால் ஸ்டாக்குக்குள்ளேயே சுட்டும் பாயின்டர்களை எல்லாம் திருத்த வேண்டும். கோ ஃபங்ஷனில் எது பாயின்டர் என்று கோ கம்பைலருக்குத் தெரியும். ஆனால் ரன்டைமின் பெரும்பகுதி சியில் இருந்தது. ஸ்டாக்கில் ஒரு சி ஃபங்ஷன் நடுவில் நின்றால் எது பாயின்டர் என்று சொல்ல ஆளில்லை.

2014 டிசம்பரில் வந்த 1.4 பதிப்பில் ரன்டைமின் பெரும்பகுதியை கோவுக்கு மாற்றினார்கள். கலெக்டர் துல்லியமானது. வெறும் எண்ணை முகவரி என்று நினைத்து வீணாகப் பிடித்து வைத்திருப்பது நின்றது. அதோடு செய்த மற்ற மாற்றங்களும் சேர்ந்து ஹீப்பின் அளவு 10 முதல் 30 சதவீதம் குறைந்தது. கோரூட்டீனின் தொடக்க ஸ்டாக் 8192 பைட்டிலிருந்து 2048 பைட்டுக்கு இறங்கியது. 2015 ஆகஸ்டில் 1.5 வந்தபோது கம்பைலரும் ரன்டைமும் கோவும் கொஞ்சம் அசெம்பிளியும் மட்டும்தான், சி போய்விட்டது. சியில் இருந்த கோ கம்பைலரை கோவாக மாற்றியது மனிதர்கள் இல்லை, அதற்கென்றே எழுதிய ஒரு மாற்றி நிரல்.

இதற்கான விலையும் இருந்தது.

1. இயந்திரம் பெயர்த்த நிரல் சிறந்த கோ நிரலாக இருக்கவில்லை. 1.5இல் பில்ட் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அடுத்தடுத்த பதிப்புகளில்தான் மீட்டார்கள்.

2. ரன்டைம் எழுதும் கோ, நாம் எழுதும் கோ இல்லை. கலெக்டரையே எழுதும்போது கலெக்டரை நம்பி நினைவகம் கேட்க முடியாதல்லவா? அதனால் ரன்டைமுக்குள் ஒரு மாறி தானாக ஹீப்புக்குப் போகப் பார்த்தால் கம்பைலர் பிழை காட்டும். இந்த ஃபங்ஷனில் ஸ்டாக் வளரக் கூடாது, இந்த ஃபங்ஷனில் பாயின்டர் மாறுவதைக் கலெக்டருக்குத் தெரிவிக்கும் கூடுதல் வரிகள் வரக் கூடாது என்று ஒவ்வொன்றின் மேலும் தனிக் குறிப்புகள் எழுத வேண்டும். தெரிந்த மொழிதான், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு எழுத வேண்டும்.

3. கோவைக் கட்ட முதலில் ஒரு கோ வேண்டும். இதைத்தான் பூட்ஸ்ட்ராப் என்கிறோம். 1.5ஐக் கட்ட 1.4 வேண்டும், 1.4ஐக் கட்ட சி போதும் என்று சங்கிலி போகிறது. புதிதாக ஒரு கணினி வகைக்கு மொழியைக் கொண்டு போகிறவர்களும், எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே கட்டும் லினக்ஸ் விநியோகங்களும் இந்தச் சங்கிலியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கோவுக்கு முன்பே வேறு சிலர் இதைச் செய்திருக்கிறார்கள். ஸ்மால்டாக் மொழிக்கென்று 1996இல் வந்த ஸ்குவீக், அந்த மொழியின் சுருக்கப்பட்ட வடிவத்தில் தன் ரன்டைமை எழுதி, அதை சியாக மாற்றிக்கொண்டது. பைத்தானுக்கான மாற்று ரன்டைமான பைபை அதே யோசனையை வெகுதூரம் கொண்டு போனது. ஆர்பைத்தான் என்ற கட்டுப்படுத்தப்பட்ட பைத்தானில் இன்டர்பிரெட்டரை எழுதினால், அதை சியாக மாற்றும்போது கலெக்டரையும் ஜிட்டையும் அந்த மாற்றி நிரலே சேர்த்துவிடும். ஜிட் என்பது நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி ஓடும் பகுதிகளை மெஷின் கோடாக மாற்றுவது. மேலே பார்த்த எண்ணிக்கைப் பிழை அங்கே வர வழியே இல்லை, எழுதுகிறவர் அதைத் தொடுவதில்லை. தொழில்நுட்பமாக இதைவிட அழகான தீர்வை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சிபைத்தானுக்காக, அதாவது சியில் எழுதப்பட்ட வழக்கமான பைத்தானுக்காக, எழுதிய சி விரிவாக்கங்களை பைபையில் ஓட்ட ஒரு பாவனை அடுக்கு வைக்க வேண்டியிருக்கிறது; அங்கே வேகம் போகிறது.

ரஸ்ட் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

ரஸ்டில் கலெக்டர் இல்லை. நினைவகப் பிழைகளைக் கம்பைலரே பிடிக்கும். ரன்டைமுக்கென்றே செய்தது போலத் தெரியும். பாதி உண்மை.

ரூபியின் ஒய்ஜிட் நல்ல பக்கம். ஷாப்பிஃபையில் எழுதப்பட்ட இந்த ஜிட் முதலில் சியில் இருந்தது, 2021 டிசம்பரில் ரூபி 3.1உடன் வந்தது. அடுத்த வருடம் 3.2இல் ரஸ்டுக்கு மாறியது. ஏஆர்எம் சிப்களையும் ஆதரிக்க வேண்டும் என்றபோது சி நிரலின் சிக்கல் கை மீறியது. ஜிட் என்பது உள்ளுக்குள் ஒரு கம்பைலர். தரவு அமைப்புகள், பல வகைக் கட்டளைகள், அவற்றைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் ரஸ்டுக்குக் கை வந்த கலை. ரூபியின் மற்ற ரன்டைம் சியிலேயே இருந்தது. ரஸ்ட் இல்லாத கணினியிலும் ஒய்ஜிட் இல்லாமல் ரூபியைக் கட்டலாம். இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்தது: மாறுவதால் பலன் உள்ள பகுதியை மட்டும் மாற்றினார்கள்.

மறுபக்கம் வி8. 2021 முதல் 2023 வரை நடைமுறையில் பிடிபட்ட குரோம் தாக்குதல்கள் எல்லாமே, பக்கத்தைக் காட்டும் ப்ராசஸில் ஏதோவொரு நினைவகச் சிதைவில் தொடங்கின. அவற்றில் 60 சதவீதம் வி8இல் இருந்த ஓட்டைகள் என்று 2024இல் வி8 குழுவே எழுதியது. அப்படியானால் வி8ஐ ரஸ்டில் எழுதிவிடலாமே? உதவாது என்று அதே கட்டுரையில் விளக்கினார்கள். அங்கே வரும் பிழைகளில் பெரும்பாலானவை சி பிளஸ் பிளஸ் நிரலில் நேரடியாக எல்லை மீறுபவை அல்ல. ஓர் அரேயின் நீளம் இவ்வளவுதான் என்று ஜிட் முடிவு செய்து, சோதனையை நீக்கி மெஷின் கோடு எழுதிவிடுகிறது. நடுவில் பயனரின் ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று ஓடி அந்த நீளத்தைக் குறைத்துவிடுகிறது. எல்லை மீறுவது ஜிட் எழுதிய மெஷின் கோடு. ஜிட் எந்த மொழியில் இருந்தாலும் அது எழுதித் தரும் கோடை அந்த மொழியின் கம்பைலர் பார்ப்பதில்லை.

மேலே பைத்தானில் பார்த்த கடன் சுட்டலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் நடுவில் பயனரின் நிரல் ஓடித்தான் நிலைமை மாறியது. வி8 குழு இதற்குத் தேடிய தீர்வு வேறு மொழி இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் ஹீப்பை ப்ராசஸுக்குள்ளேயே ஒரு வேலிக்குள் அடைத்து, உள்ளே சிதைந்தாலும் வெளியே பரவாதபடி செய்வது.

ஒரு ரன்டைம் தொடங்கும்போது

இதையெல்லாம் வைத்து நான் கேட்கும் கேள்விகள், முக்கியத்துவ வரிசையில்:

1. நம் மொழியின் பொருள்களை யார் துப்புரவு செய்வார்? கட்டுமான மொழியின் கலெக்டர் போதும் என்றால் அதையே எடுக்கலாம், ஜேரூபி மாதிரி, எழில் மாதிரி. போதாது என்றால் கலெக்டர் இல்லாத மொழிக்குத்தான் போக வேண்டும்.

2. வெளியார் எழுதும் விரிவாக்கங்கள் நம் பொருளை எப்படித் தொடும்? இதை முதல் பதிப்பிலேயே தீர்மானிக்க வேண்டும். பாயின்டரைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

3. எங்கெல்லாம் ஓட வேண்டும்? சர்வரில் மட்டும் என்றால் தேர்வு விரிவானது. மைக்ரோகன்ட்ரோலரிலும் ஓட வேண்டும் என்றால் பெரும்பாலும் சிதான்.

4. ஜிட் வருமா? வரும் என்றால், அதைத் தனிக் கம்பைலராக நினைத்து அதற்கு மட்டும் வேறு மொழி எடுக்கலாம்.

5. யார் பராமரிப்பார்கள்? தன்னார்வலர்கள் கட்டும் மொழியில், அவர்களுக்குத் தெரியாத கட்டுமான மொழி வாசலை மூடிவிடும்.

வேகம் இந்தப் பட்டியலில் தனியாக இல்லை. சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட், ஜிக் நான்குக்கும் இடையில் ஒரு ரன்டைமின் வேகத்தைத் தீர்மானிப்பது பொருள்கள் நினைவகத்தில் எப்படி அடுக்கப்படுகின்றன, கலெக்டர் எந்த வகை, ஜிட் உண்டா என்பவைதான்.

ஐந்து கேள்விகளும் இப்போது ஒரே இடத்தில் விவாதத்துக்கு வந்திருக்கின்றன. 2025 நவம்பரில் சிபைத்தானின் முதன்மை டெவலப்பர்கள் சிலர், அதற்குள் ரஸ்டை அனுமதிக்கலாம் என்று ஒரு முன்மொழிவை முன்வைத்தார்கள். முதலில் கட்டாயமில்லாத விரிவாக்கங்களில் மட்டும். ரஸ்ட் இல்லாத கணினி வகைகளை என்ன செய்வது, சி மட்டும் தெரிந்த பங்களிப்பாளர்களை என்ன செய்வது என்று பேச்சு போனது. அதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ரஸ்ட் கம்பைலரை மூலத்திலிருந்து கட்டும்போது அந்த வேலையை நடத்துவது ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். பைத்தானைக் கட்ட ரஸ்ட் வேண்டும், ரஸ்டைக் கட்ட பைத்தான் வேண்டும் என்று ஆனால், ரஸ்ட் சேர்வதற்கு முன் வந்த ஒரு பழைய பைத்தானை இந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும், கோவுக்கு 1.4 மாதிரி.